பேசாத பீமன்

எங்கள் கல்லூரிச் சுவருக்கு இன்று வெள்ளையடித்தார்கள். ஈரச் சுண்ணாம்பு வாசம் மூக்கில் ஏறியதும், கிழக்குத் தாம்பரத்தில் இப்போது வண்டி நிறுத்துமிடமாகிவிட்ட அந்தத் தகரக் கொட்டகைக்குள் மறுபடி நின்றேன். ஆண்களே கட்டிவந்த கதகளி வேஷங்களை, கேரளத்திலிருந்து இங்கே வந்து குடியேறிய பெண்கள் அங்கே தாங்களே கட்டி ஆடினார்கள். தேங்காயெண்ணெயில் குழைத்த பச்சையை முகத்தில் பூசி, அரிசிமாவும் சுண்ணாம்பும் கலந்து தாடையோரம் வெள்ளை விளிம்பு ஒட்டி, பேசினால் அது வெடித்துவிடும் என்பதால் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்ட நர்ஸ் அம்மிணி அக்காதான் பீமன்.

ஐந்தாவது முடித்த கோடையில், சேர்த்துவிட்டவரிடமே சொல்லிவிடலாம் என்று அப்பா என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனார்.

"யக்கா, இவ படிச்சது போதும். அவங்கம்மா கூட மீன் கூடை தூக்கட்டும். இன்னா சொல்ற?"

அக்கா எழுந்தார். கொட்டகை முழுக்க அவர் பாவாடையே நிறைந்தது போலிருந்தது. பூவிதையை இமைக்குள் வைத்துச் சிவக்கவைத்த கண்கள் மெல்ல விரிய, புருவங்கள் துடிக்க, என்னைச் சுட்டி, காற்றில் எழுதிக் காட்டி, அப்பாவை நோக்கித் தரையில் ஓங்கி ஒரு மிதி மிதித்தார். சலங்கையோடு கூரைத் தகரமும் அதிர்ந்தது. அப்பா யாருக்கும் பின்வாங்கி அதுவரை நான் பார்த்ததில்லை.

"சரிக்கா, சரிக்கா, மொறைக்காத. படிக்கட்டும்."

வழியெல்லாம் வியர்வையைத் துடைத்துக்கொண்டே வந்தவர், ரயில்வே கேட் அருகே நின்றார்.

"எத்தினி வருசம் வேணா படி. நிறுத்தணும்னா நீயே போய் அந்தம்மாவாண்ட சொல்லிக்கோ. நான் போமாட்டேன்."