மடுவத்தில் நின்ற ஓட்டம்

எனக்கு முழங்காலில் வலி உண்டு. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அது என் சொந்த வலி. அதைப் பற்றிக் கூட்டம் போட்டுப் பேசக் கோயில் கமிட்டிக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

எங்கள் தோட்டம் நமுனுகுல மலைக்குக் கீழே இருக்கிறது. மாரியம்மன் திருவிழாவுக்கு ஆற்றிலிருந்து கோயில் வரை பால்குடம் தூக்கி வருவோம். முதல் குடம் என்னுடையது. என் மாமியார் தூக்கினார், அவருக்குப் பிறகு நான் தூக்குகிறேன். போன வருடம் மழை பெய்து கோயில் படி வழுக்கியது. நான் விழவில்லை, உட்கார்ந்தேன். குடம்தான் விழுந்தது. பால் முழுவதும் கமிட்டித் தலைவரின் புது வேட்டிக்கு அபிஷேகம் ஆனது.

வேட்டி காய்ந்துவிட்டது, அவர் மனசு காயவில்லை. இந்த வருடக் கூட்டத்தில் எழுந்து நின்று, "அறுபது தாண்டின அம்மாமாரு எல்லாம் இந்தத் தடவ திரீவீல் ஆட்டோவுல பின்னால வாங்க. கொடத்த எளசுக தூக்கட்டும்" என்றார்.

"சாமிக்கு நேந்துகிட்டவ திரீவீல்ல போனா, சாமி திரீவீல்காரனுக்குத்தான் வரம் குடுக்கும்" என்றேன்.

சனம் சிரித்தது. என் சம்பந்தியம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவர் மகனுக்குத்தான் என் மகளைக் கொடுத்திருக்கிறேன். பக்கத்து லயத்து வீடு. பால்குடத்தில் எனக்கு அடுத்தபடி வருகிறவரும் அவர்தான்.

"கால் முடியலைன்னா ஒத்துக்கிறணும் சம்பந்தியம்மா. இந்தத் தடவ பால் யாரு தலையில கொட்டுமோ, யாரு கண்டா" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கோயில் சுவரில் அப்போது ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. பதுளையிலிருந்து ஏதோ விளையாட்டுச் சங்கத்துப் பிள்ளைகள் வந்து தோட்டத்துப் பெண்களுக்கு ட்ரையத்லான் பந்தயம் வைக்கப் போகிறார்களாம். முதலில் அணைத் தண்ணீரில் நீந்த வேண்டும், பிறகு சைக்கிள் மிதிக்க வேண்டும், கடைசியில் மலையில் ஓட வேண்டும். மூன்றும் ஒரே காலையில். இதையே வேலை என்று கணக்கப்பிள்ளை சொல்லியிருந்தால் யூனியனைக் கூப்பிட்டிருப்போம். விளையாட்டு என்று சொன்னதால் பெயர் கொடுக்க ஓடினார்கள்.

அந்த நோட்டீஸைக் காட்டி, "அந்த மூணையும் நான் முடிச்சுட்டா?" என்று கேட்டேன்.

தலைவர் மீசைக்குள் சிரித்தார். "முடிச்சுட்டீங்கன்னா மொதக் கொடம் ஒங்களுக்குத்தான். ஆனா அந்தப் புள்ளைக முடிவுல கட்டுற ரிப்பன அவுக்கிறதுக்கு முந்தி வந்து சேரணும். இல்லாட்டி திரீவீல். சம்மதமா?"

"சம்மதம்."

சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து முழங்காலுக்கு எண்ணெய் தடவினேன்.

நீச்சல் எனக்குப் புதிதில்லை. அந்த அணையில் துணி துவைத்துத் துவைத்தே வளர்ந்தவள் நான். சைக்கிளும் பழக்கம்தான். என் வீட்டுக்காரர் தோட்டத்துத் தப்பால்காரர். ஆபிஸ் கடிதங்களைத் தூக்கிக்கொண்டு அந்தச் சைக்கிளில்தான் அலைவார். கல்யாணமான புதிதில் பந்து அடிக்கிற பிட்டியில் எனக்கு ஓட்டப் பழக்கினார். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், சைக்கிள் இருக்கிறது. முன்கூடையில் கோழி அடை காக்கும். பிரேக் ஒரு பக்கம்தான் பிடிக்கும், அதுவும் அதற்கு மனசு வந்தால்.

பந்தயத்தன்று சங்கத்துப் பெண்பிள்ளை ஒருத்தி, கழுத்தில் விசில், கையில் ரப்பர் தொப்பியோடு வந்தாள். நல்ல பிள்ளை, குரல்தான் லாரி ஹாரன்.

"அம்மா, கொண்டைய அவுத்துட்டு இதப் போட்டுக்கங்க."

"கொண்டைய அவுத்தா அப்புறம் யாரு கட்டி விடுறது? ஒன் விசிலா?"

தொப்பி போடாமலே இறங்கினேன். பாவாடையை மார்புக்கு மேல் கட்டிக்கொண்டு, ஆற்றில் குளிக்கிற மாதிரிதான். தண்ணீர் எலும்பைத் தொட்டுப் பார்த்தது. இளசுகள் கையை வீசி வீசித் தண்ணீரை அடித்தார்கள், அணையோடு ஏதோ பழைய பகை இருந்த மாதிரி. நான் நாய் நீந்துகிற மாதிரி தலையைத் தூக்கிக்கொண்டு போனேன். நாய் எந்தக் காலத்தில் முழுகிச் செத்தது?

கரையேறியதும் மற்றவர்கள் ஈரத்தோடு சைக்கிளில் தாவினார்கள். நான் மறைவில் போய், மகன் கொழும்பிலிருந்து அனுப்பிய கால்சட்டையையும் சட்டையையும் மாட்டினேன். தலையைத் துவட்டினேன். பொட்டு வைத்தேன். ஒரு வெற்றிலையும் போட்டேன்.

"ஐயோ அம்மா, நேரம் போகுதே!" என்று அந்தப் பிள்ளை கத்தினாள்.

"போகட்டும். நாலு பேரு பாக்குற ரோட்டுல பரதேசி மாதிரியா போறது?"

ரோடு ஆரம்பத்தில் ஒரே இறக்கம். அன்றைக்குப் பிரேக்குக்கு மனசு வரவில்லை. "ஒதுங்கு, ஒதுங்கு" என்று கத்திக்கொண்டே போனேன். பண்டாரவளை பஸ்ஸுக்கு நின்றவர்கள் வேலிக்குள் பாய்ந்தார்கள். முன்கூடையில் முட்டை ஒன்று கிடந்ததைப் பாதி வழியில்தான் பார்த்தேன். இறக்கம் முடிந்து ஏற்றம் வந்ததும் இறங்கித் தள்ளினேன். தள்ளக் கூடாது என்று நோட்டீஸில் போடவில்லை. அந்தப் பந்தயத்தில் ஒரு கீறல்கூட இல்லாமல் வந்து சேர்ந்தது அந்த முட்டைதான்.

பிறகு ஓட்டம். தேயிலைக்கு நடுவே ஏறி, கொழுந்து நிறுக்கிற மடுவத்தைத் தாண்டி, பிட்டியில் கட்டியிருக்கிற ரிப்பனைத் தொட வேண்டும். செருப்பைக் கழற்றிப் போட்டேன். முழங்கால் முனகியது. "முனகு, நான் கேக்க மாட்டேன்" என்று ஏறினேன். வழியில் இரண்டு குமரிகள் விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைத் தாண்டும்போது ரொம்ப மரியாதையாகக் கேட்டேன்: "திரீவீல் கூப்பிடவா?"

மடுவம் தெரிந்தது. மடுவத்து வாசலில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். சங்கத்துப் பிள்ளைகள் அங்கே சோற்றுப் பார்சல் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். எனக்கு அது எங்கே தெரிந்தது! ஆயுசு முழுக்க அந்த மேட்டில் வியர்க்க வியர்க்க ஏறி வந்து அந்த வரிசையில் நின்றவள் நான். கால் தானாகப் போய்க் கடைசி ஆளுக்குப் பின்னால் நின்றுவிட்டது. தலையைக் குனிந்து, கொழுந்துக் கூடையின் கயிற்றை நெற்றியிலிருந்து தூக்கக் கையைக் கொண்டுபோனேன்.

கயிறு இல்லை. முதுகில் கூடையும் இல்லை. கொழுந்தை எங்கேயோ வழியில் விட்டுவிட்டேனே என்று வந்த வழியைத் திரும்பிப் பார்த்தேன்.

முன்னால் நின்றவளிடம், "கணக்கப்பிள்ள வந்துட்டாரா?" என்று வேறு கேட்டேன்.

வரிசை ஓரடி நகர்ந்தது. நானும் ஓரடி நகர்ந்தேன். பின்னால் விட்டு வந்த இரண்டு குமரிகளும் என்னைத் தாண்டி ஓடிப் போனார்கள். என்னடா, வரிசையில் நிற்காமல் போகிறார்களே என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

அப்போதுதான் பார்சலும் கையுமாக சம்பந்தியம்மா வெளியே வந்தார். என்னைப் பார்த்தார். என்றைக்கும் வாங்க போங்க என்று பேசுகிற மனுஷி.

"ஏய்! கொழுந்து நிறுக்கவா வந்த? அங்க ரிப்பன அவுக்கிறானுக! ஓடுடி!"

பார்சலை வீசிவிட்டு என் முதுகில் கை வைத்துத் தள்ளினார். அந்தத் தள்ளில் பாதித் தூரம் போய்விட்டேன். மீதித் தூரத்தில் அவரும் கூடவே ஓடி வந்தார். பிட்டியில் ஒரு பையன் ரிப்பனின் ஒரு முனையை அவிழ்த்துக் கீழே போட்டுவிட்டு மறு முனைக்குப் போய்க்கொண்டிருந்தான்.

"தம்பி! அந்த முடிச்சத் தொட்ட, கைய ஒடிச்சிருவேன்!" என்று சம்பந்தியம்மா போட்ட சத்தத்தில் பையன் வேலியோரம் போய் நின்றான். நான் ரிப்பனைத் தாண்டினேன். தாண்டிய இடத்திலேயே உட்கார்ந்தேன்.

தலைவர் வந்து குனிந்து பார்த்தார். என்னை இல்லை, ரிப்பனை.

"அவுத்தாச்சேங்க. கீழ கெடக்குதே."

"ஒரு பக்கம் கட்டித்தானே இருக்கு?" என்றார் சம்பந்தியம்மா. "ஒங்க வீட்டு மாட்ட எத்தன பக்கம் கட்டுறீங்க? ஒரு பக்கம் கட்டினா அது கட்டின மாடு இல்லையா?"

பிட்டியே சிரித்தது. தலைவர் மறு முனையின் முடிச்சை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். இறுக்கமாகத்தான் இருந்தது. "சரி, சரி. மொதக் கொடம் அவங்களுக்கு" என்று சொல்லிவிட்டு நடந்தார். எனக்குப் பின்னால் வர ஆளே இல்லை. அதனால் என்ன, வந்து சேர்ந்தேன் அல்லவா?

திரும்பி வரும்போது சம்பந்தியம்மாவிடம் கேட்டேன்: "எனக்காக ஏன் இந்தப் பாடு பட்டீங்க?"

"ஒங்களுக்காகவா? எனக்கு வார தையில அறுபது முடியுது. இந்தத் தடவ ஒங்கள ஏத்துனா, அடுத்த தடவ அந்த திரீவீல்ல ஒங்க பக்கத்துல என்னையும் ஏத்துவாங்க. ஒங்க வாயக் கேட்டுகிட்டுக் கோயில் வரைக்கும் யாரு வாறது?"

நியாயம்தான்.

திருவிழாவன்று இந்தத் தடவையும் தூறல். முதல் குடம் என் தலையில். தலைவர் வேட்டியை முழங்கால் வரை மடித்துக் கட்டிக்கொண்டு, என்னைவிட்டு நன்றாகத் தள்ளியே நடந்தார். கோயில் படியில் ஏறும்போது பின்னாலிருந்து மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது.

"கொஞ்சம் மெதுவாத்தான் போங்களேன் சம்பந்தியம்மா."

குடம் அசையாமல், திரும்பிப் பார்க்காமல் சொன்னேன்:

"முடியலைன்னா ஒத்துக்கிறணும். திரீவீல் பின்னால சும்மாதான் வருது."