ஒரே கடையில் வாங்கிய முதலிடம்

கிளைவ் டாஸ்கருக்கு ஆட்களைத் திரட்டத் தெரியும். அதைத் தவிர உருப்படியாக வேறொன்றும் தெரியாது என்று அவர் மனைவி மேவிஸ் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் ஆமாம் போட்டிருக்கிறேன். பல்பு மாற்றச் சொன்னால் வீடு முழுக்க இருட்டாகிவிடும். ஆனால் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், கிரிம்ஸ்பியில் எங்கள் மீன் ஆலையில், ஆளுக்கொரு ஷிப்டு ஆளுக்கொரு சண்டை என்று கிடந்த அத்தனை பேரையும் ஒரே வாசலில் ஒரே முகமாக நிற்க வைக்க அவர் ஒருவரால்தான் முடிந்தது. ஒரு குளிர்காலத்தில் ஹீட்டர் கெட்டு, விரல் மரத்து, மீனோடு சேர்த்து எங்கள் கையையும் நறுக்கிக்கொண்டிருந்தோம். நிர்வாகம் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு இருந்தது. கிளைவ் எங்கள் வரிசைக்கு வந்து, "கத்தியக் கீழ வைங்க" என்றார். வைத்தோம். மறுநாள் ஹீட்டர் வந்தது. அதற்குப் பிறகு சங்கத் தலைவர் பதவிக்கு அவரை எதிர்த்து யாரும் நின்றதில்லை.

மகன் கர்ட்டிஸ் அவருக்கு நேர் எதிர். நாலு பேர் இருக்கும் இடத்தில் மூச்சு விடவே கூச்சப்படுவான். ஆனால் கிதாரைக் கையில் கொடுத்து மேடையில் ஏற்றிவிட்டால் அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் வரும். பள்ளிக்கூடத்துக் கூட்டாளிகள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு 'நார்த் வால்' என்று ஒரு குழு வைத்திருந்தான். கிளைவ் ஒருநாளும் போய்க் கேட்டதில்லை. "பாட்டெல்லாம் ஒரு பொழப்பாடா? ஆலையில ஆள் எடுக்கிறாங்க, உனக்குச் சொல்லி வெச்சிருக்கேன்." மகனிடம் அவர் பேசிய பேச்சு மொத்தமும் இதுதான். யாருக்காவது அவனை அறிமுகப்படுத்த நேர்ந்தால் "இது மேவிஸ் பெத்தது" என்பார். ஏதோ அவருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி. கேட்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

2007 இலையுதிர் காலத்தில் அவர்கள் பாட்டை லண்டன் ரெகார்டு கம்பெனி ஒன்று எடுத்துக்கொண்டது. பக்கத்துக் கடற்கரை ஊரான க்ளீத்தோர்ப்ஸிலிருந்து வீட்டுக்கு வரும் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவனைப் பற்றிய பாட்டு அது. கம்பெனிக்காரர்கள் தலைப்பிலிருந்து ஊர்ப் பெயரை வெட்டிவிட்டு வெறும் 'கடைசி பஸ்' ஆக்கினார்கள். அதற்கே எங்கள் ஊரில் ஒரு வாரம் திட்டினார்கள். குழுவைக் கவனித்துக்கொள்ள கம்பெனி அமர்த்திய டோபி என்ற பையன், வாயில் வெண்ணெய் வைத்துக்கொண்டு பேசுகிறவன், ஒளிக்காமல் சொல்லிவிட்டான். கம்பெனி கையில் புதுக் குழுக்கள் நிறைய. 'கடைசி பஸ்' முதலிடத்துக்கு வந்தால் ஆல்பம் உண்டு. வராவிட்டால் மூன்று பேரும் வீட்டுக்குப் போகலாம்.

இந்தச் செய்தியை கர்ட்டிஸ் அப்பாவிடம் சொல்லவில்லை, என்னிடம்தான் போனில் சொன்னான். நான் கிளைவிடம் சொன்னேன். அவர் மீன் பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை அப்படியே நிறுத்தினார்.

"முதலிடம்னா எப்படி முடிவு பண்றாங்க, வெண்டி?"

"ஒரு வாரத்துல எது அதிகமா விக்குதோ அது. கடையில சிடி வாங்கினாலும் சரி, கம்ப்யூட்டர்ல இறக்கினாலும் சரி. ஞாயித்துக்கிழம சாயங்காலம் ரேடியோவுல வாசிப்பான்ல."

"அவ்வளவுதானா? ஓட்டு மாதிரி?"

"ஓட்டு மாதிரிதான்."

"அப்ப இது நம்ம வேலை" என்றார். அந்த முகத்தை மேவிஸ் போன பிறகு நான் பார்க்கவே இல்லை. சந்தோஷமாக இருந்தது எனக்கு.

திங்கட்கிழமை பாட்டு வெளிவந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனில் மேஜைமேல் ஏறிவிட்டார். "ஆளுக்கு ஒண்ணு வாங்கினா லண்டன்காரன்கிட்ட எடுபடாது. கை கொள்ற மட்டும் வாங்கணும். அங்க இங்க போய்ச் சிதறக்கூடாது. எல்லாரும் லென்னி கடை. கல்லாவுல கூட்டம் தெரியணும். ஒத்துமைன்னா என்னன்னு அவனுங்க பாக்கட்டும்!" கேன்டீனே மேஜையைத் தட்டியது. ஹீட்டருக்காகத் தட்டிய அதே கைகள்தான்.

மார்க்கெட் அருகில் எங்கள் ஊரில் மிச்சமிருந்த ஒரே ரெகார்டு கடை லென்னியுடையது. ஆலைக்காரர்கள் நாங்கள் சாயங்காலம் கூடும் கிளப்பின் பஸ்ஸை கிளைவ் ஏற்பாடு செய்தார். கால்பந்துப் போட்டிக்கும் கடற்கரைக்கும் எங்களை ஏற்றிப்போகும் அந்தப் பழைய பஸ் அந்த வாரம் ஷிப்டு முடிய முடிய ஆலை வாசலுக்கும் லென்னி கடைக்கும் நடுவே ஓடியது. வாசல் படியில் மெகாபோனோடு கிளைவ். லென்னி லண்டனுக்கு போன் போட்டுப் போட்டு சிடி வரவழைத்தான். சிடி போட்டுக் கேட்க வீட்டில் எதுவுமே இல்லாத கிழவர் வில்ஃப் கூட ஒரு பை நிறைய வாங்கினார். "பீர் கிளாஸ் வெச்சுக்க நல்லா இருக்கும்" என்றார். கிளப்பில், எங்களோடு மீன் நறுக்கும் பாலினுடைய மகளை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். கிளப் கார்டை வைத்து அவள் அதே பாட்டை இறக்கினாள், மறுபடி இறக்கினாள், கை வலிக்கிறது என்று அழும்வரை இறக்கினாள். பின்னால் நின்றவர்கள் "இன்னொண்ணு! இன்னொண்ணு!" என்று உற்சாகப்படுத்தினார்கள்.

புதன்கிழமை, வாரத்தின் நடுக்கணக்கு எப்படியோ கசிந்து வந்தது. 'கடைசி பஸ்' முதலிடம். இரண்டாவது இடத்தில் டிவி போட்டியில் ஜெயித்த ஒரு பொண்ணு, கிளி மாதிரி கத்துவாள். அன்று கிளப்பில் கிளைவை ஆளாளுக்குத் தூக்கினார்கள்.

வியாழக்கிழமை கர்ட்டிஸ் சொல்லாமல் கொள்ளாமல் லண்டனிலிருந்து ரயிலேறி வந்துவிட்டான். நான் ஷிப்டு முடிந்து பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தேன். ஆலை வாசலில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றான், முகம் வெளுத்திருந்தது. கிளைவ் அவனைப் பார்த்ததும் மெகாபோனை வாயருகே தூக்கினார்.

"இதோ வந்துட்டான் பாருங்க! இவன் என் பையன்! கர்ட்டிஸ் டாஸ்கர், என் பையன்!"

பஸ் முழுக்கக் கைதட்டியது. கர்ட்டிஸ் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். கிளைவ் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, எல்லாரும் பார்க்க நெற்றியில் முத்தம் கொடுத்தார். அந்தக் காலத்து மீன் துறைமுகத்து ஆண்கள் மகனை முத்தமிடுவார்களா? நான் பார்த்ததே இல்லை. கர்ட்டிஸ் வாயை மூடிக்கொண்டான். கூச்சம் என்று நினைத்தேன். அன்று முழுக்க அவனும் பஸ்ஸில் எங்களோடு உட்கார்ந்து வந்தான்.

ஞாயிறு சாயங்காலம் கிளப்பில் நிற்க இடமில்லை. குழுவின் மற்ற இரண்டு பையன்களும், அவர்களைப் பெற்றவர்களும் முன்வரிசையில். ரேடியோவை பார் கவுண்டர்மேல் வைத்திருந்தார்கள். ரேடியோக்காரன் நாற்பதாவது இடத்திலிருந்து ஒவ்வொன்றாக வாசித்து மேலே ஏறி வந்தான். மூன்றாவது யாரோ. அடுத்து, "இந்த வாரம் இரண்டாவது இடத்தில், நார்த் வால்" என்றான்.

அதே பாட்டு ஓடியது, ஊரே மனப்பாடமாக வைத்திருந்த பாட்டு. ஒருவர் வாயும் கூடப் பாடவில்லை. "தப்பா வாசிச்சிட்டான்" என்றார் கிளைவ். "திருத்துவான் பாருங்க." அடுத்து அந்தக் கிளி கத்த ஆரம்பித்தது.

மறுநாள் டோபி போனில் விளக்கினான். கம்பெனிக்காரர்களே தங்கள் பாட்டை மூட்டை மூட்டையாக வாங்கிக் கணக்கை ஏமாற்றக்கூடாது என்பதற்காக எப்போதோ போட்ட விதியாம். ஒரே கடையில், ஒரே கூட்டம், கை நிறைய வாங்கினால் கணக்கில் சேராது. லென்னி கடையின் அந்த வார விற்பனையைக் கணக்கிலிருந்து அப்படியே அடித்துவிட்டார்கள். பாலினுடைய மகள் அழுதழுது இறக்கியதெல்லாம் சேர்த்து ஒரே ஒரு பாட்டாகத்தான் கணக்கு. அவரவர் போக்கில், ஆளுக்கு ஒன்றை, அங்கங்கே வாங்கியிருந்தால் முதலிடம் எங்களுடையது. அவ்வளவு கொஞ்ச வித்தியாசத்தில்தான் போனது. தனித்தனியாகச் செய்தால் செல்லும், சேர்ந்து செய்தால் செல்லாது. எந்தப் புண்ணியவான் இப்படி ஒரு விதியை எழுதினானோ, அவன் ஆலையில் ஒருநாள் வேலை பார்த்தவனாக இருக்கமாட்டான்.

ஊர் என்ன செய்யும்? பஸ்ஸில் ஏறிக் கத்தின அதே வாய்கள்தான், "எல்லாம் அந்தக் கிளைவால வந்தது" என்றன. "பெத்த பிள்ளை மேலயே பஸ்ஸ ஏத்திட்டான்யா" என்று கிளப்பில் ஒருத்தன் சொல்ல, ஒரு கூட்டமே சிரித்தது. பை நிறைய வாங்கிய வில்ஃபும் சிரித்தார். என் கிளாஸை அவர் மடியில் கொட்டிவிட்டு வந்தேன். வேண்டுமென்றேதான் கொட்டினேன்.

ஆல்பம் வரவில்லை. டிரம் வாசித்தவன் ஆஸ்திரேலியா போனான். இன்னொருவன் குடிக்க ஆரம்பித்து அதையே தொழிலாக வைத்துக்கொண்டான். கர்ட்டிஸ் வீட்டுக்கு வந்தான், ஆலையின் குளிர் கிடங்கில் சேர்ந்தான். அப்பா எப்போதோ சொல்லி வைத்திருந்த வேலை. கிளைவ் சங்கத் தலைமையை விட்டுவிட்டார். யாரும் விடச் சொல்லவில்லை, விடாதே என்றும் யாரும் சொல்லவில்லை. சாயங்காலம் அப்பாவும் மகனும் மடியில் தட்டை வைத்துக்கொண்டு டிவி பார்த்தபடி சாப்பிடுவார்கள். பாட்டு நிகழ்ச்சி வந்தால் இரண்டு பேரில் யாராவது சேனலை மாற்றுவார்கள்.

அப்புறம் ஆலையை மூடப்போவதாகச் செய்தி வந்தது. மீனைக் கப்பலில் ஏற்றி எங்கேயோ அனுப்பி, வெட்டித் திரும்பக் கொண்டுவந்தால் மலிவாம். புதுத் தலைவர் ஒரு கோழை. "வாசல்ல உக்காந்தாத்தான் பேசவாவது வருவாங்க. கிளைவக் கூப்பிடுங்க" என்று, சிரித்த வாய்களே சொல்லின. நானும் கர்ட்டிஸும் போய்க் கேட்பதென்று முடிவாயிற்று.

கிளைவ் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"முடியாது, வெண்டி. அவனவன் வழிய அவனவன் பாத்துக்கட்டும். நான் ஆள் சேத்தா என்ன ஆகும்னு ஊருக்கே தெரியும்."

"அது வேற, இது வேற, கிளைவ்."

"எல்லாம் ஒண்ணுதான். இவன் வாழ்க்கைய நான் அழிச்சேன். போதும்."

கர்ட்டிஸ் கதவோரம் நின்றிருந்தான். "நீ அழிக்கலப்பா" என்றான். "எனக்கு அப்பவே தெரியும்."

"என்ன தெரியும்?"

"புதன்கிழமையே டோபி போன் பண்ணிட்டான். உங்க ஊர்ல ஒரே கடையில கூட்டமா வாங்கறாங்க, கணக்குலேர்ந்து அடிச்சிருவாங்க, உடனே நிறுத்து, வேற வேற ஊர்ல ஒண்ணொண்ணா வாங்கச் சொல்லு, இன்னும் நேரம் இருக்குன்னான். அத உங்கிட்ட சொல்லத்தான் ரயிலேறி வந்தேன்."

கிளைவ் கத்தியை வைத்தார். "அப்புறம் ஏன்டா சொல்லல?"

"நீ மெகாபோன்ல என் பையன்னு கத்தின. அதுக்கு முன்னாடி ஒரு தடவகூட நீ அப்படிச் சொன்னதில்லப்பா. அந்த நேரத்துல போய், நீ செய்யறதெல்லாம் வீண்னு எப்படிச் சொல்றது? எனக்கு அது போதும்னு இருந்துச்சு. முதலிடத்தவிட."

இனி இந்த மனுஷன் எழுந்து மகனைக் கட்டிக்கொள்வார், நாளைக்கு வாசலுக்கு வருவார் என்று நிச்சயமாக நினைத்தேன்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்த நிமிஷமே நிறுத்தியிருப்பேனேடா" என்றார் கிளைவ். "நான் நிறுத்துன்னா நிறுத்துவாங்க. ஒண்ணொண்ணா வாங்குன்னா ஒண்ணொண்ணா வாங்குவாங்க. எனக்குத் தெரிஞ்சதே அது ஒண்ணுதான். அதைச் செய்ய விடாம, என்னப் பாத்து இரக்கப்பட்டுகிட்டு, நாள் முழுக்க அந்த பஸ்ல உக்காந்து வேடிக்க பாத்திருக்க."

"இரக்கம் இல்லப்பா..."

"அந்த ரெண்டு பசங்களும் முன்னாடி உக்காந்திருந்தாங்களே, அவங்களுக்கு யார்டா பதில் சொல்றது? இத்தன நாள் என் தப்புன்னு சொமந்தேன். அது தேவலாம். இதச் சொமக்க முடியாது."

பாத்திரத்தில் இருந்த கிழங்கைத் தண்ணீரோடு தொட்டியில் கவிழ்த்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

கோழைத் தலைவரை வைத்துக்கொண்டே நாங்கள் வாசலில் உட்கார்ந்தோம். முதல் நாள் பாதிப்பேர், அடுத்தடுத்த நாள் அதிலும் பாதி. நஷ்டஈட்டை வாங்கிக்கொண்டு வேலையை விடுவதாகக் கையெழுத்துப் போடச் சம்மதிப்பவர்கள் உள்ளே வரலாம் என்று நிர்வாகம் அறிவித்தது. வாசலில் ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது அவர்களைத் தாண்டி உள்ளே போகிறவனோடு எங்கள் ஊரில் சாகும்வரை பேசமாட்டார்கள். அவன் பெண்டாட்டியோடும் பேசமாட்டார்கள். அந்தச் சட்டத்தை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவரே கிளைவ்தான்.

மழை தூறிக்கொண்டிருந்த காலை. கோட்டு பட்டனைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, தெருக்கோடியிலிருந்து கிளைவ் தனியாக வந்தார். எழுந்து நின்றோம், வந்துவிட்டார் என்று. ஒருத்தி கைதட்டவே ஆரம்பித்துவிட்டாள். அவர் எங்கள் யாரையும் பார்க்காமல் நேரே கேட்டை நோக்கி நடந்தார். கேட்டை மறித்தபடி 'மூடாதே' என்று எழுதிய பலகையோடு நின்றவன் கர்ட்டிஸ்.

கருங்காலி என்று யாரும் கத்தவில்லை. "அப்பா, வேணாம்" என்றான் கர்ட்டிஸ், எனக்கு மட்டும் கேட்கிற அளவில். கிளைவ் அவன் முன்னால் நின்று காத்திருந்தார், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் யாரோ ஒருத்தர் மாதிரி. கர்ட்டிஸ் பலகையை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, அப்பாவுக்கு வழி விட்டான்.