கேட்டால் மட்டும் பேசு

பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்ற மலைச்சாமிக்குத் தெரிந்தது ஒரே ஒரு செலக்‌ஷன்தான். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறது. விடியுமுன்னே போய் வரிசையில் நிற்க வேண்டும், ஓட வேண்டும், கேட்டால் மட்டும் வாயைத் திறக்க வேண்டும். அதனால், மகள் பாலம்மாளைப் பல்கலைக்கழகம் ஒன்று ஸ்காலர்ஷிப் செலக்‌ஷனுக்கு அழைத்ததும், அந்தக் கோடை முழுக்க மனுஷன் அவளைச் சோழபுரம் கண்மாய்க் கரையில் ஓடவிட்டார். பி.எஸ்ஸி. படிக்கப் போகிறவளுக்கு ஓட்டம் எதற்கு என்று கேட்க வீட்டில் யாருக்கும் தைரியமில்லை. ஸ்காலர்ஷிப் கிடைத்தால் காலேஜ், இல்லையென்றால் ராஜபாளையத்தில் மில்லு வேலை. அது பாலம்மாளுக்கு நன்றாகவே தெரியும். அதனால் ஓடினாள்.

செலக்‌ஷன் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில், சனி ஞாயிறு இரண்டு நாளும். சனிக்கிழமை இவர்கள் போய் இறங்கியபோது பொழுது விடியவில்லை, கேட் பூட்டிக் கிடந்தது. "ஒம்பது மணிக்குத்தான் ஆளு வரும். போயி ஆண்டாளக் கும்பிட்டுட்டு வாங்க" என்றான் வாட்ச்மேன். மலைச்சாமி அசைவாரா?

"மொத ஆளா நிக்கணும் தாயி. உக்காராத, தாவணி கசங்கிரும்."

நின்றாள். எடை பார்ப்பார்கள், குறைந்துவிடக் கூடாது என்று கொண்டுவந்திருந்த வாழைப்பழங்களை வேறு ஒவ்வொன்றாக உரித்து நீட்டினார். மற்றப் பிள்ளைகள் குளித்துச் சாப்பிட்டு நிதானமாக வந்து சேர்ந்த நேரத்தில் இவளுக்குக் கால் கடுத்துப் போயிருந்தது, வயிறு திம்மென்று இருந்தது. எடை பார்க்கிற மெஷின் எதுவும் அங்கே கண்ணில் படவில்லை.

காலையில் எழுத்துத் தேர்வு. அதை எப்படியோ நன்றாகவே எழுதிவிட்டாள். மத்தியானம் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, கிராமத்துக்கு முதலில் வேண்டியது ரோடா, ஆஸ்பத்திரியா, பேசுங்கள் என்று சொல்லிவிட்டு, இரண்டு பேராசிரியர்கள் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டார்கள். வஞ்சுளவல்லி என்று ஒரு பெண் ஆஸ்பத்திரி என்றாள். சுந்தரபாண்டியன் என்ற பையன் ரோடு என்றான். மழைக்காலத்தில் சேற்றில் சிக்கிய வண்டியை இரண்டு பேருமே பார்த்திருக்க மாட்டார்கள். பாலம்மாளிடம் சொல்ல எவ்வளவோ இருந்தது. முதுகை நிமிர்த்தி, கையை முழங்காலில் வைத்து, தன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தாள். கூப்பிடவில்லை. அவளுக்குக் கண்ணைச் செருகிக்கொண்டு வந்தது. பேச்சு முடிந்து எல்லோரும் எழுந்தார்கள், இவளும் எழுந்தாள்.

"கேக்காம வாயத் தொறக்கலயே?" என்று பஸ்ஸில் கேட்டார் மலைச்சாமி.

"இல்லப்பா."

"அதான் ஒழுங்கு."

ஞாயிற்றுக்கிழமை இன்டர்வியூ. பெற்றவர்களும் கூடவே உட்காரலாம் என்றார்கள். கமிட்டித் தலைவர் நல்ல மனிதர், தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகத்தான் கேட்டார். "எழுத்துத் தேர்வுல நீதாம்மா முதல். நேத்து ஒரு வார்த்தைகூடப் பேசலையே, ஏன்? காரணம் இருந்தா சொல்லு, பார்ப்போம்."

பக்கத்தில் இருந்த அப்பாவின் முகம் வெளிறிப்போனதைப் பாலம்மாள் கடைக்கண்ணால் பார்த்தாள். அவருக்கு விளங்கிவிட்டது. அப்பா சொல்லித்தான் பேசவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் முந்தின நாள் அவள் உட்கார்ந்திருந்த மாதிரியே முதுகை நிமிர்த்தி, கையை முழங்காலில் வைத்து உட்கார்ந்திருக்கும் மனுஷரை, நாலு பேர் முன்னால் காட்டிக்கொடுக்க எப்படி மனசு வரும்? அவரே சொல்லட்டும் என்று செத்த நேரம் பார்த்தாள். அவர் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"தெரியல சார்" என்றாள்.

சாயங்காலம் ஒட்டிய பட்டியலில் அவள் பேர் இல்லை. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததே பெரிய பாக்கியம் என்று தோன்றியது, அவ்வளவு அசதி. அழுகைகூட வரவில்லை. ராஜபாளையம் நெருங்கும்போதுதான் மலைச்சாமி வாயைத் திறந்தார்.

"அவிய என்னையக் கேட்டிருந்தா சொல்லிருப்பேன் தாயி."

அது பொய்யில்லை என்று பாலம்மாளுக்குத் தெரியும். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. "சரிப்பா" என்று சொல்லி, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.