கன்னியப்பன் மேஸ்திரி எடுத்துவிட்ட டிக்

"இல்ல பாய், பறவ வேணாம். பறவைக்கு இங்கிலீஷ் மட்டுந்தான் தெரியுது."

கமருஸ்ஸமான் பறவையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. கீழே அவருடைய கம்ப்யூட்டர் கடையில் கரண்ட் போய்விட்டது. மாடியிலும் போயிருக்கிறதா என்று பார்க்கத்தான் ஏறி வந்திருந்தார். கட்டிலில் சாய்ந்து, மாவுக்கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் தூக்கி வைத்திருந்த கன்னியப்பன் மேஸ்திரிக்கோ கரண்ட் போனதே தெரியாது. முந்தின நாள் பாய் மூன்று மெயில் புரோகிராம்களைக் காட்டி, எது வேண்டும் என்று யோசித்து வைக்கச் சொல்லியிருந்தார். மேஸ்திரி அதை மட்டும்தான் யோசித்துக்கொண்டிருந்தார். யோசிக்காமல் வேறு என்ன வேலை அவருக்கு?

முத்தியால்பேட்டையில் பெயின்ட் மேஸ்திரி என்றால் கன்னியப்பன்தான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். கடற்கரைப் பக்கம் மஞ்சளும் வெள்ளையுமாக நிற்கிற பெரிய வீடுகளில் பல அவர் கைபட்டவை. ஒரு இடத்தில் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்காரத் தெரியாது. சோறு தின்னும்போதே பாதியில் எழுந்து வாசலுக்குப் போய் ஆட்களுக்குப் போன் போடுவார் என்று அவர் மனைவி ஜெயம் சொல்லிச் சொல்லி அலுத்துப் போனவள். அப்படிப்பட்ட மனிதரை ஐப்பசி மழையில் வழுக்கின சாரம் கீழே தள்ளியது. தொடை எலும்பில் பிளேட் வைத்து, இடுப்பிலிருந்து பாதம் வரைக்கும் கட்டுப் போட்டு, அசையவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வீடு மாடியில். இரண்டு அறை, ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். அந்தச் சுவரில் பெயின்ட் கொப்பளம் கொப்பளமாக உரிந்து தொங்கியது. ஈரம் காயாமல் எவனோ பிரைமர் அடித்திருக்கிறான். காலையில் கண் விழித்தால் அந்தக் கொப்பளம். மத்தியானம் வெயில் அடிக்கும்போது இன்னும் தெளிவாக அந்தக் கொப்பளம். எழுந்து போய்ச் சுரண்டிவிட்டு வரலாம் என்று கை பரபரக்கும். கால் இடம் கொடுக்காது. கொஞ்ச நாளில் ஜன்னலைச் சாத்தச் சொல்லிவிட்டார். சாத்தினால் மூச்சு முட்டியது. திறக்கச் சொன்னார்.

இந்த லட்சணத்தில்தான் பேத்தி பிறந்தாள், பாரிஸுக்குப் பக்கத்தில் ஒரு ஊரில். மகள் சுமலதாவைக் கொடுத்திருந்தது சொல்தா வீட்டில். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை ஊரில் சொல்தா என்பார்கள். சம்பந்தி புருஷோத்தமன் அப்படி ஒரு சொல்தா. உப்பளத்தில் சொந்த வீடு. இஸ்திரி கலையாத பேன்ட், தலையில் சாய்த்து வைத்த தொப்பி. பெயின்ட் மேஸ்திரி வீட்டில் பெண் எடுத்தது பையன் பிடிவாதத்தால் என்று கல்யாணப் பந்தியிலேயே நாலு பேர் காதில் விழும்படி சொன்னவர்.

மாப்பிள்ளை விவரமானவர். குழந்தை படத்தை யாருக்கு முதலில் அனுப்பினாய் என்று இரண்டு வீட்டுக்கும் வம்பு வரக் கூடாதென்று ஒரே ஒரு மெயில் ஐடி உண்டாக்கி, பாஸ்வேர்டை இரண்டு சம்பந்திகளுக்கும் சொல்லிவிட்டார். புருஷோத்தமன் சனிக்கிழமை தோறும் உப்பளத்தில் இருக்கிற பிரவுசிங் சென்டருக்குப் போய், முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரைக்கும் பார்ப்பார். கன்னியப்பன் எங்கே போவார்? படங்களைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு வா என்று ஜெயத்தை அனுப்பினார். வந்தது கறுப்பு வெள்ளையில் ஒரு கறை. பேத்தியா, வாழைப்பூவா என்று தெரியவில்லை.

அதனால்தான் கமருஸ்ஸமானிடம் சொல்லி ஒரு பழைய கம்ப்யூட்டரை மாடிக்கு ஏற்றினார். திருட்டு விண்டோஸ் என் கையால் ஏற்ற மாட்டேன், லினக்ஸ்தான் என்று பாய் முதலிலேயே சொல்லிவிட்டார். மேஸ்திரிக்கு எதுவானாலும் சரி, பேத்தி தெரிந்தால் போதும். ஆனால் பெட்டிக்குள் இருந்த மோடமுக்கும் லினக்ஸுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பாய் வெளியே வைக்கிற மோடம் ஒன்று கொண்டுவந்து மாட்டினார். அப்புறமும் நெட்டில் மெயில் பக்கம் திறப்பதற்குள் தலைமாடு கால்மாடாகிவிட்டது. ஒரு படம் நெற்றி வரைக்கும் இறங்கும், புருவம் வரைக்கும் இறங்கும், லைன் அறுந்துவிடும். மறுபடி முதலிலிருந்து நெற்றி. அவ்வளவு நேரமும் வீட்டுப் போன் வேறு என்கேஜ்டு. மகள் கூப்பிட்டால் கிடைக்காது.

இதற்கு மெயில் புரோகிராம்தான் வழி என்றார் பாய். லைனைப் போட்டால் வந்திருக்கிற மெயிலையெல்லாம் அதுவே வாரிக்கொண்டு வந்து பெட்டியில் வைத்துவிடும். லைனை அறுத்துவிட்டுப் பொழுதுக்கும் பார்க்கலாம். எவல்யூஷன் என்று ஒன்று. திறந்தால் காலண்டர், மீட்டிங், வேலை என்று ஆபீஸ் மாதிரி இருந்தது. மீட்டிங்குக்கு எங்கே போகப் போகிறேன், கக்கூஸுக்கே இரண்டு பேர் வேண்டியிருக்கிறது என்று மேஸ்திரி அதைத் தள்ளினார். அடுத்தது தண்டர்பேர்ட், நீலப் பறவை ஒன்று கவரை அணைத்துக்கொண்டிருந்தது. பார்க்க லட்சணம்தான். ஆனால் ஒரு எழுத்து புரியவில்லை. மூன்றாவதாக ஒன்று, அதன் பெயர் வாயில் நுழையவில்லை, மெனுவெல்லாம் தமிழில் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கலாம். அதையே போடச் சொன்னார்.

கரண்ட் வந்ததும் பாய் உட்கார்ந்தார். கறுப்புத் திரையில் ஏதோ அடித்தார். அது இன்னொன்று வேண்டும் என்றது. அந்த இன்னொன்றைப் போடப் போனால், அதற்கு வேறு இரண்டு வேண்டுமாம். ஒரு சிடியைப் போட்டால் அடுத்த சிடியைக் கேட்டது.

"செவுத்துக்குக் கலர் கேட்டா பட்டி வையிங்கறான், பட்டி வெக்கப் போனா உப்புத்தாள் கேக்கறான். நம்ம தொழிலேதான் பாய் இது," என்றார் மேஸ்திரி.

ஒரு வழியாக ஏறியது. ஐடி, பாஸ்வேர்டு எல்லாம் பாய் அடித்துக் கொடுத்தார். அதற்குள் கீழே கடையில் ஆள் கூப்பிடவே, மிச்சத்தை ஓகே ஓகே என்று அழுத்திக்கொண்டே போங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மேஸ்திரி அழுத்திக்கொண்டே போனார். ஒரு இடத்தில் நின்றார். சின்னக் கட்டம், அதில் ஒரு டிக், பக்கத்தில் எழுத்து. விரலை வைத்துக் கூட்டிப் படித்தார். 'அஞ்சல்களைச் சேவகனிடமே விட்டுவை.'

யார் இந்தச் சேவகன்? வேலை நடக்கிற வீட்டில் காலி டின்னைக்கூட வாட்ச்மேனிடம் விட்டுவிட்டு வந்தவரில்லை அவர். பேத்தி படத்தை முகம் தெரியாத எவனோ ஒரு சேவகனிடம் விட்டுவைப்பதா? அதற்கா இவ்வளவு பாடு? மவுஸை நடுங்காமல் பிடித்து, அந்த டிக்கை எடுத்துவிட்டார். ஓகேவை அழுத்தினார்.

மோடம் கத்தியது. ஒவ்வொன்றாக எல்லா மெயிலும் வந்து இறங்கியது. அன்றைக்கு அந்த அறையைப் பார்த்திருக்க வேண்டும். அடுப்பை அப்படியே போட்டுவிட்டு ஜெயம் ஓடி வந்தாள். மூடின கைக்குள் கட்டை விரலை ஒளித்து வைத்துக்கொண்டு தூங்குகிறாள் குழந்தை. கொட்டாவி விடும்போது முகமே வாயாகிப் போகிறது. குளிப்பாட்டினதும் நாலு முடி நெற்றியில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. காது மடல் அப்படியே கன்னியப்பன் காது என்று ஜெயம் சொன்னாள். மேஸ்திரி தன் காதைத் தடவிப் பார்த்துக்கொண்டார். படத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கி வைத்தார். அன்று ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை.

சனிக்கிழமை புருஷோத்தமன் பிரவுசிங் சென்டருக்குத் தனியாகப் போகவில்லை. கூட இருந்த சொல்தாக்கள் மூன்று பேரைப் பேத்தியைக் காட்டுகிறேன் என்று கூட்டிக்கொண்டு போயிருந்தார். ஐடியை அடித்தார், பாஸ்வேர்டை அடித்தார். உள்ளே ஒன்றும் இல்லை. ஒரு மெயில்கூட இல்லை. மூன்று பேரும் பின்னால் நின்று காலித் திரையைப் பார்த்துவிட்டு, வாங்க ஒரு டீ சாப்பிடுவோம் என்று அவர் தோளைத் தட்டியிருக்கிறார்கள்.

சாயந்திரம் போன் வந்தது. குரல் தடிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"வெள்ளையடிக்கறதுதான உங்க தொழிலு, சம்பந்தி. என் பேத்தியயும் சேத்து அடிச்சிட்டீங்க."

மேஸ்திரிக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. படமெல்லாம் இங்கே பத்திரமாக இருக்கிறது என்று சொல்லப் போய், அதுவே வினையாகிவிட்டது. அப்படியானால் எடுத்து ஒளித்து வைத்துக்கொண்டீர்கள் என்று ஒத்துக்கொள்கிறீர்களா என்றார் புருஷோத்தமன். பொங்கல் கழிந்து குழந்தையைக் கொண்டு வரும்போது நேராக உப்பளம்தான், திரும்பப் பிளேன் ஏறுகிற வரைக்கும் உப்பளம்தான், உங்கள் மாடிப்படியைக் குழந்தை மிதிக்காது என்று சொல்லி வைத்துவிட்டார். டாக்டர் கட்டுப் பிரிக்கச் சொல்லியிருந்ததோ அவர்கள் திரும்பிப் போன பிறகு. கணக்குப் போட்டுப் பார்த்தால் மேஸ்திரி பேத்தியைத் தொட வழியே இல்லை.

விவரம் கேட்ட கமருஸ்ஸமான் முதலில் சிரித்தார், அப்புறம் தலையில் கையை வைத்துக்கொண்டார். சேவகன் என்பது ஆள் இல்லை, சர்வர். எல்லாருடைய மெயிலையும் வைத்துக் காக்கிற பெரிய கம்ப்யூட்டர். அங்கே ஒரு காப்பி இருந்தால்தான் உப்பளத்திலும் தெரியும். டிக்கை எடுத்ததும் அங்கிருந்ததைத் துடைத்துக்கொண்டு எல்லாம் இங்கே வந்துவிட்டது.

"நம்ம ஊருக்காரன் எவனோ சர்வர சேவகன்னு எழுதி வெச்சிருக்கறான். ஓட்டல்ல சப்ளையர்னு எழுதாம வுட்டானே," என்றார் பாய். மேஸ்திரி சிரிக்கவில்லை.

டிக்கைத் திரும்பப் போட்டாயிற்று. சுமலதா படங்களைத் திரும்ப அனுப்பினாள். உப்பளத்தில் திறந்தால் இப்போது எல்லாம் தெரியும். திறக்கத்தான் ஆள் இல்லை. அந்தப் பெட்டி முன்னால் இனி உட்கார மாட்டேன் என்று புருஷோத்தமன் சொல்லிவிட்டார். பெரிய மார்க்கெட்டில் ஆப்பிளும் திராட்சையும் வாங்கிக்கொண்டு ஜெயம் போய் வந்தாள். காபி கொடுத்தார்களாம். சம்பந்தி டிவியில் பிரெஞ்சு செய்தியைச் சத்தமாக வைத்துக்கொண்டு தலையைத் திருப்பவே இல்லையாம். மகளோ போனில் அழுதாள். மாமாவை எதிர்த்து அவரால் ஒரு வார்த்தை பேச முடியாது என்று புருஷனைப் பற்றிச் சொன்னாள். நீ ஏம்பா அத எடுத்த, என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்புறம் மேஸ்திரி கட்டிலில் கிடந்தபடி கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்க ஆசையாக வாங்கின பெட்டி. இப்போது அதில் குழந்தை சிரித்தாலும் யாரோ கம்பிக்குப் பின்னாலிருந்து சிரிப்பது மாதிரி இருந்தது. உள்ளே இருப்பது அவளா, தானா என்று அவருக்கே சந்தேகம். நேரில் போய்ப் பேசுங்கள், ஆள் வைத்துத் தூக்கி இறக்குகிறேன் என்று பாய் இரண்டு தரம் சொன்னார். மேஸ்திரி ஒத்துக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று நாலு பேர் நாற்காலியோடு தூக்கி ஏற்றினபோது தெருவே நின்று பார்த்தது. படித் திருப்பத்தில் சாய்த்தபோது வேட்டி விலகியது. ஊரெல்லாம் சாரம் கட்டி ஏறினவனை மறுபடியும் மூட்டை மாதிரி தூக்குவதா? செத்த பிறகு தூக்கிக்கொள்ளுங்கள் என்றுவிட்டார்.

இன்று காலை மெயில் பார்த்தார்கள். சுமலதா எழுதியிருந்தாள். படம் ஏதுமில்லை. பிளேன் என்றைக்கு, எத்தனை மணிக்கு மெட்ராஸில் இறங்குகிறது என்றெல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக எழுதியிருந்ததைப் பாய்தான் படித்துச் சொன்னார். கடைசி வரிக்கு வந்தபோது பாய் குரல் இறங்கியது.

"அப்பா, வெசனப்படாத. உப்பளம் வந்ததும் பாப்பாவ டெய்லி போட்டோ எடுத்து உனக்கு மெயில் அனுப்பறேன்."

உப்பளத்திலிருந்து முத்தியால்பேட்டைக்கு. ஆட்டோ ஏறினால் ஒரு வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் வந்துவிடுகிற தூரம்.

ஜெயம் கொண்டு வந்து வைத்த டீயில் ஆடை படிந்தது. அப்புறம் மேஸ்திரி ஆட்களைக் கூப்பிடச் சொன்னார். அவரிடம் வேலை செய்கிற கோவிந்தசாமியும் இன்னும் மூன்று பேரும் வந்தார்கள். நான் எதையும் அழிக்கவில்லை, அப்படியே வைத்திருக்கிறேன், உங்கள் வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று சம்பந்தி முகத்துக்கு நேரே பெட்டியைத் திறந்து காட்டிவிட்டுப் பேசப் போகிறாராம். கேட்பாரோ கேட்க மாட்டாரோ, அது அவர் பாடு. டாக்டர் என்ன சொல்வார் என்று பாய் இழுத்தார். மேஸ்திரி வேட்டி கேட்டார். ஜெயம் துவைத்த வேட்டியை எடுத்து, விலகாமல் இறுக்கிக் கட்டிவிட்டு, இரண்டு பக்கமும் பின் குத்தினாள். கீழே ஆட்டோ வந்து நின்றது. பக்கத்து வீட்டு ஜன்னலில் இரண்டு தலை எட்டிப் பார்த்தது.

கோவிந்தசாமி நாற்காலியைக் கட்டில் ஓரமாகப் போட்டு, மேஸ்திரியின் கக்கத்தில் கை கொடுத்தான். மேஸ்திரி அந்தக் கையைத் தட்டிவிட்டு, மேஜை மேல் இருந்த கம்ப்யூட்டரைக் காட்டினார்.

"என்ன அப்பறம் பாத்துக்கலாம். மொதல்ல பாப்பாவ எறக்குங்க. திருப்பத்துல செவுத்துல இடிச்சிடாதிங்க."