போனில் சேர்ந்து நடந்தோம்

எனக்கு நாற்பத்தாறு வயதானபோது, திருவொற்றியூர் ரயில் நிலையத்தின் மேம்பாலத்தில் பாதிப் படியிலேயே மூச்சு வாங்கி நின்றுவிட்டேன். கண் முன்னாலேயே ரயில் கிளம்பிப் போனது. தண்டையார்பேட்டையில் ஒரு கன்டெய்னர் கம்பெனியில் கேட் பாஸ் எழுதும் வேலை எனக்கு. நாள் முழுக்க நாற்காலிதான். என் கணவர் டிரெய்லர் லாரி ஓட்டுகிறார். அவர் வயிறு ஸ்டியரிங்கைத் தொட ஆரம்பித்திருந்தது.

அந்த வாரமே இருவரும் தெருமுனை கிளினிக்குக்குப் போனோம். டாக்டரம்மா அவருக்கு ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை எழுதினார். என் முட்டியை அழுத்திப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் எடையக் கொறைங்க. நடங்க, சாப்பாட்ட மாத்துங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அதை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம்.

"நீ நட மே. நான் துன்றத கொறச்சிக்கிறேன். லாரி ஓட்றவன் எங்க போய் நடக்கறது?" என்றார்.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. தெருப் பெண்கள் இருவரோடு தினமும் காலையில் கடலோரச் சாலையில் நடந்தேன். திரும்பும்போது பசிக்கும். நடந்தாயிற்றே என்று வழியில் இரண்டு வடை, வீட்டில் வழக்கம்போல நாலு இட்லி. அவரோ காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு, மத்தியானம் பசி தாங்காமல் மணலியில் பரோட்டாவும் சால்னாவுமாகச் சாப்பிட்டிருக்கிறார். இரண்டு மாதம் கழித்து மருந்துக்கடை எடைமெஷினில் ஏறினோம். அவர் அப்படியே இருந்தார். நான் ஒரு கிலோ கூடியிருந்தேன்.

அவர் சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. முட்டி வலியோடு நடந்தவள் நான். வீடு வரை அவரோடு பேசவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் சொன்னேன்.

"பாதி பாதி வேணாம்யா. நான் துன்றததான் நீயும் துன்னணும். நான் நடக்கும்போது நீயும் நடக்கணும்."

சமையலை மாற்றுவது நான் பயந்த அளவு கஷ்டமாக இல்லை. காசிமேட்டு மீன் எப்போதும் வீட்டுக்கு வருவதுதான். அதை எண்ணெயில் மிதக்கவிட்டது நான்தான். இப்போது குழம்பு, இல்லையென்றால் தோசைக்கல்லில் இரண்டு ஸ்பூன் எண்ணெய். சோறு ஒரு கப், கீரையோ கோவைக்காயோ அதற்குச் சமமாக. காலையில் முளைகட்டிய பயறு அல்லது கேழ்வரகுக் கூழ். யாரும் பட்டினி கிடப்பதில்லை. மத்தியானத்துக்குக் கட்டும் இரண்டு டப்பாவிலும் ஒரே சாப்பாடு.

நடப்பதுதான் சிக்கல். விடியுமுன்பே லாரியை எடுத்துப் போய், மணலிப் பக்கம் ஒரு திடலில் கன்டெய்னர் ஏற்றத் தன் முறைக்காகக் காத்திருப்பார். அதனால் ஆறு மணிக்கு நான் போன் போடுவேன். நான் கடலோரம், அவர் லாரிகளுக்கு நடுவே. முதல் வாரத்திலேயே ஏமாற்றினார்.

"நடக்கிறியா?"

"நடந்துகினுதான் கீறேன்."

மூச்சு வாங்குவது கேட்டது. நடுவில் உறிஞ்சும் சத்தமும் கேட்டது.

"டீ குடிச்சிகினா கீற?"

உறிஞ்சும் சத்தம் நின்றது. "சக்கர இல்லாத டீ மே."

அதன்பிறகு ஒழுங்காக நடந்தார். பேச்சும் வளர்ந்தது. மகளின் கல்லூரி, கொழுந்தனின் கல்யாணம், நாங்கள் வருஷக்கணக்காகப் பேசாமல் விட்டவை எல்லாம். ஒருநாள் சாதாரணமாகச் சொல்வதுபோலச் சொன்னார்.

"மாத்திர போட்றதுக்கு முன்ன ஒரு தபா, வண்டி ஓட்டிகினு இருக்கசொல்ல கண்ணு இருட்டிச்சி. ஓரங்கட்டிட்டேன். உங்கிட்ட சொல்லல. பயந்துடுவன்னு."

கடலைப் பார்த்தபடி நின்றேன்.

"இன்னா, நின்னுட்டியா? நட மே" என்றார்.

முதல் மாதம் எடைமெஷின் முள் அசையவே இல்லை. பிறகு மெதுவாக இறங்கியது. கொழுந்தன் கல்யாண பிரியாணியில் இருவருக்கும் கொஞ்சம் ஏறியது. மறுநாளே மறுபடி கூழுக்கு வந்தோம். எட்டு மாதத்தில் நான் ஆறு கிலோ குறைந்தேன், அவர் எட்டு. மாத்திரை தொடர்கிறது. ஆனால் பிரஷர் கட்டுக்குள் இருப்பதாக டாக்டரம்மா சொன்னார்.

போன ஞாயிற்றுக்கிழமை அவருக்கு லீவு. முதல்முறையாகக் கடலோரத்தில் பக்கத்தில் பக்கத்தில் நடந்தோம். போனில் அவ்வளவு பேசியவர்களுக்கு நேரில் பேச்சே வரவில்லை. கூச்சமாக இருந்தது. அவர் வேகமாக முன்னே போய்விட்டார். திரும்பிப் பார்த்து, நான் வரும்வரை நின்றார். அப்புறம் என் நடைக்கு நடந்தார்.

"நாளிக்கி டப்பால இன்னா?"

"கொள்ளு சுண்டல்."

"தேங்கா போடு மே."

"கொஞ்சமாத்தான் போடுவேன்" என்றேன்.