இரண்டு ஷிப்டு பார்த்தால் ஆப்சென்ட்

"கார்டை நீங்க சரியா வெச்சிருக்க மாட்டீங்கக்கா. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது."

வரதய்யபாளையத்தில் ஷேர் ஆட்டோ ஏறியபோது தேவசேனா இப்படித்தான் சொன்னாள். கார்களுக்கு ஒயர் கட்டும் தொழிற்சாலையில் புரோகிராம் எழுதுகிறவள் அவள். எதிரே இருந்த கன்னியம்மாள் அதே தொழிற்சாலையில் லைனில் நிற்பவள். நேற்றுதான் அவளை வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்கள்.

"சரியாத்தான் வெச்சேன் மேடம். ஆடிக் கிருத்திகைக்குப் பாதி லைனு காவடி தூக்கிக்கினு திருத்தணிக்குப் பூட்டாங்க. நானும் சுந்தரம்மாவும்தான் ரெண்டு ஷிப்டும் நின்னோம். அந்த நாளுங்களுக்கே ஆப்சென்ட்டாம், ரெண்டு பேரையும் நிறுத்திட்டாங்க. சாமி கும்பிடப் போனவ உள்ள இருக்கா, வேல செஞ்சவ வெளிய நிக்கிறேன். இன்னா நியாயம் இது?"

"அடுத்த வருசம் நீயும் மொட்டை போட்டுக்கோக்கா," என்றான் டிரைவர். ஆட்டோ சிரித்தது. தேவசேனாவும் சிரித்தாள்.

அலுவலகத்தில் தன் சீட்டில் உட்கார்ந்ததும், எதற்கும் இருக்கட்டும் என்று வருகைப் பதிவு புரோகிராமைத் திறந்தாள். அவளே எழுதியது. ஒருவர் அன்றைக்கு வேலை பார்த்த நேரம் வந்து விழும். வந்தது எண்தானா என்று அது சோதிக்கும். எட்டு என்றால் எண், சரி. பழுதான கார்டிலிருந்து குப்பை ஏதாவது வந்தால் எண் இல்லை, பூஜ்யம். இரண்டு ஷிப்டு பார்த்தவருக்கு மட்டும் எட்டும் எட்டும் ஒரே கட்டாகச் சேர்ந்து வந்திருந்தன. உள்ளே இருப்பவை எண்கள்தான். ஆனால் கட்டு எண் இல்லை. எனவே பூஜ்யம். அதிகம் உழைத்தவர்களாகப் பார்த்துப் பொறுக்கி வெளியே தள்ளியிருந்தது அவளுடைய ஒரு வரி.

சோதித்துப் பார்த்துத்தான் கொடுத்தாள். தன்னுடைய வருகையையும் பக்கத்து சீட்டுக்காரர்களின் வருகையையும் போட்டுச் சோதித்தாள். அலுவலகத்தில் யார் இரண்டு ஷிப்டு பார்க்கிறார்கள்? நகரியில் அவளுடைய நைனா பகலில் ஒரு ஷெட், இரவில் ஒரு ஷெட் என்று விசைத்தறி ஓட்டித்தான் அவளைப் படிக்க வைத்தார். அந்த மனுஷனையும் இந்தப் புரோகிராம் ஆப்சென்ட் என்றுதான் சொல்லியிருக்கும். அவள் எழுந்து மேனேஜரிடம் போனாள்.

மேனேஜர் சுரேஷ்பாபு நிதானமாகக் கேட்டுவிட்டுத் தெலுங்கும் தமிழுமாகச் சொன்னார். "இனிமே சரியா வரும் இல்ல? பழசை வதிலேய்யம்மா, விட்டுடு. வெளிய தெரிஞ்சா உன் பேர்தான் கெடும்."

"ரெண்டு பேர் வேலை போச்சே சார்?"

"ஆள் எடுத்தாச்சும்மா. போ, வேலையைப் பாரு."

கட்டாக வந்தால் உள்ளே இருப்பதைக் கூட்டிக்கொள் என்று திருத்தினாள். ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. இவ்வளவுதானா என்பதுதான் அவளை எழுப்பிவிட்டது. கேட்டுக்குப் போனாள். கன்னியம்மாள் இன்னும் செக்யூரிட்டியிடம் மன்றாடிக்கொண்டிருந்தாள். "மிஷினே சொல்லுது, நான் என்ன பண்றது?" என்றார் அவர், கோயில் குருக்கள் மாதிரி.

"அக்கா, கார்டை நீங்க சரியாத்தான் வெச்சீங்க. தப்பு நான் எழுதினதுல இருக்குது."

கன்னியம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இங்க சொல்லி இன்னா ஆவும்? லைன்ல வந்து சொல்லு. திருட்டு முண்டன்னு என்னை அங்கதான் ஏசினாங்க."

தேவசேனாவின் கால் ஒரு நொடி தயங்கியது. பிறகு தன் கார்டை வைத்துக் கதவைத் திறந்து அவளையும் கூட்டிக்கொண்டு உள்ளே போனாள். லைனில் நின்று உரக்கச் சொன்னாள். கைகள் நின்றன. "அப்ப போன மாசம் எனக்கு விழுந்த ஆப்சென்ட்டு?" என்றது ஒரு குரல். "எனக்கு?" என்றது இன்னொன்று.

"தெரியல. ஒவ்வொண்ணா பார்க்கிறேன்."

ஓடிவந்த சுரேஷ்பாபு அத்தனை முகங்களையும் பார்த்தார். "சரி, நாளையிலிருந்து வரச் சொல்லு," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"நாளைக்கு இன்னாத்துக்கு? இப்பவே நிக்கிறேன்," என்று கன்னியம்மாள் புடவையை இழுத்துச் செருகினாள். தேவசேனாவின் பக்கம் திரும்பியபோது அவள் முகத்தில் நன்றியில்லை. "சுந்தரம்மா செங்கல் சூளைக்குப் பூட்டா. ஆள அனுப்பாத. நீயே போய் சொல்லிக் கூட்டிக்கினு வா."

சூளை எந்த ஊரில் என்று தேவசேனா கேட்டாள்.