நடக்கச் சொல்கிறார்கள், நடக்க விடுவதில்லை

போன திங்கட்கிழமை தஞ்சாவூரில் என் தங்கை மல்லிகாவை டாக்டரிடம் அழைத்துப் போயிருந்தேன். ரிப்போர்ட்டைப் பார்த்ததுமே அவர் முகம் கடுத்தது.

"போன தடவையே சொன்னேன்ல? இந்த எடைதான் உங்களுக்கு சுகரையும் பிரஷரையும் ஏத்துது. தினம் நடங்கன்னேன், நடக்கல. இப்ப கண்ணுல பாதிப்பு ஆரம்பிச்சிருச்சு. சோம்பேறித்தனத்துக்கு என்கிட்ட மாத்திரை இல்லம்மா!"

மல்லிகா தலையைக் குனிந்துகொண்டாள். திரும்பும்போது ஆட்டோவில் கேட்டேன்.

"ஆசையா ஷூவெல்லாம் வாங்கினியேடி... ஏன் நிறுத்துன?"

"நடந்தேன்க்கா. புது ஆத்துக் கால்வாய்க் கரையில டீக்கடை இருக்குல்ல? அங்க உக்காந்திருக்கவங்க, 'நெல்லு லாரி வருது'ன்னு கத்துவாங்க. ஒருநாள் போன்ல வீடியோ எடுத்தாங்க. அதோட விட்டுட்டேன்."

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே!

கல்யாண வீட்டில் யார் வேண்டுமானாலும் அவளைப் பார்த்து, "என்ன இப்படி ஊதிட்டே?" என்று கேட்கலாம். டாக்டர் சோம்பேறி என்று திட்டலாம். சரி, நடக்கலாம் என்று வெளியே வந்தால் — சிரிப்பு! வெட்கப்பட்டு வீட்டுக்குள் முடங்கினால் எடை ஏறுகிறது. எடையோடு சுகரும் ஏறுகிறது. சுகர் கண்ணில் கை வைக்கிறது. இதில் பாதி நோய் நாம் கொடுத்ததல்லவா... சொல்லுங்கள்?

அன்றிலிருந்து இரண்டு நாள் அவள் வீட்டிலேயே தங்கினேன். மறுநாள் காலையில் வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். டீக்கடையை நெருங்கியதும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"லாரி வருதுடோய்!"

கத்தியவருக்கு ஐம்பது வயதிருக்கும். கையில் வடை. சட்டைப் பொத்தானைப் பிய்க்கும் தொப்பை. ஆண்பிள்ளைக்கு அது அந்தஸ்து... பெண்ணுக்கு மட்டும் லாரியாம்!

நான் வாயைத் திறப்பதற்குள் மல்லிகா அவர் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணே, எனக்கு சுகர். இப்படியே விட்டா கண்ணு போயிடுமாம். அதான் நடக்குறேன். உங்க வயிறும் என்னுது மாதிரிதான் இருக்கு... நீங்க சுகர் பாத்தீங்களா?"

பெஞ்சில் ஒருவரும் சிரிக்கவில்லை.

"சும்மா தமாசுக்குத்தாம்மா..." என்று இழுத்தார் அவர்.

"என் கண்ணு உங்களுக்குத் தமாசா?"

நடந்தோம். பாலத்தைத் தாண்டியதும் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "கொஞ்சம் உக்காரலாமா?" என்றேன்.

"வேணாம்க்கா."

அழுதுகொண்டே நடந்தாள். அதற்கு அடுத்த நாள் என்னை எழுப்பவேயில்லை. தனியாகப் போய்விட்டு வந்திருந்தாள்.

உங்கள் தெருவிலும் ஒருத்தி நடக்கக் கிளம்பினால், அறிவுரை எதுவும் வேண்டாம் — வாயை மட்டும் மூடிக்கொள்ளுங்கள்.